பென்குயின் கூட்டில் யார் காத்திருக்கிறது, எவ்வளவு நாள்?

டீச்சர், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் வகுப்பின் கேள்விகளை முதலில் எழுதிவிடுகிறேன். கோத்தகிரியில் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அண்டார்டிகா பற்றிய படம் ஒன்றைக் காட்டியிருக்கிறீர்கள். படம் முடிந்ததும் அவர்கள் கேட்டது நாலு. இரண்டு மாதம் முட்டையோடு நிற்கும் அப்பாப் பென்குயினுக்குப் பசிக்காதா? இரை தேடிப் போன அம்மா வராமல் போய்விட்டால்? இவ்வளவு நெருக்கியடித்து நிற்கிறார்களே, கூட்டையும் பங்கு போட்டுக்கொள்வார்களா? நம்ம மலையில் இப்படிச் செய்யும் பறவை ஏதாவது உண்டா?

அருமையான கேள்விகள். நாலாவது கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு என் தனி வாழ்த்து. "அப்பாவின் தியாகம்" என்று ஒரு வரியில் இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சொல் மனதைத் தொடுகிறது, ஆனால் ஒரு பென்குயின் ஒரே நாளில் முறை மாற்றிக்கொள்வதும் இன்னொன்று இரண்டு மாதம் நிற்பதும் ஏன் என்று அது சொல்வதில்லை. அதற்கு இரண்டு அளவுகளைக் கையில் எடுக்க வேண்டும். இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, காத்திருக்கிற பறவையின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது. பென்குயின் குடும்பத்தின் முறை ஏற்பாடு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அமைகிறது. வகுப்பில் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

அடிப்படைச் சிக்கல் இது. பென்குயினுக்கு வேண்டிய சாப்பாடு முழுக்கக் கடலில் இருக்கிறது. முட்டையையோ கரையில்தான் வைத்தாக வேண்டும். குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைக்கும்வரை அது கடலில் இறங்க முடியாது. நம்ம தோட்டத்துக் குருவி முட்டையை விட்டு ஐந்து நிமிடம் போய்ப் புழு தின்றுவிட்டு வரும். பென்குயினுக்கு அந்த வசதி இல்லை. முட்டையை விட்டு நகர்ந்தால் குளிரில் உறைந்துபோகும், இல்லாவிட்டால் ஸ்குவா என்ற பறவை கொத்திக்கொண்டு போகும். ஆகவே ஒருவர் கரையில், ஒருவர் கடலில். கடலில் இருக்கிறவர் தான் இழந்த எடையையும் மீட்க வேண்டும், வயிற்றில் கொஞ்சம் கொண்டும் வர வேண்டும். கரையில் இருக்கிறவருக்கு அதுவரை ஒரு வாய் சாப்பாடு கிடையாது.

பென்குயின்களில் 18 இனங்கள் உண்டு. அவற்றின் முறை ஏற்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூரக் கணக்கு கண்ணில் படும்.

ஆஸ்திரேலியாவின் தென்கரையிலும் நியூசிலாந்திலும் வாழும் குட்டிப் பென்குயின் ஒரு கிலோ எடைதான் இருக்கும். வளையில் இரண்டு முட்டை இடும். குஞ்சு பொரித்த முதல் வாரங்களில் ஒருவர் விடியுமுன் கடலுக்குப் போய், இருட்டிய பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து கரையேறி வருவார். மறுநாள் மற்றவர் முறை. மெல்பர்னுக்கு அருகில் பிலிப் தீவில் இந்தக் கரையேறலைப் பார்க்க மாலையில் ஜனங்கள் கூடுகிறார்கள். மீன் பக்கத்திலேயே இருக்கும் ஆண்டில் இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடும். மீன் விலகிப்போனால் ஒரு நாள் பயணம் பல நாளாக நீளும், குஞ்சு மெலியும்.

அடேலிப் பென்குயின் அண்டார்டிகாக் கரையில் இருக்கிறது. அக்டோபரில் ஆண் முதலில் வந்து கூட்டிடத்தைப் பிடிக்கும். நவம்பரில் பெண் இரண்டு முட்டை இட்டதும் கடலுக்குக் கிளம்பிவிடும். அப்போது கடலின் மேல் உறைபனி இன்னும் அகலமாகக் கிடக்கும், திறந்த நீருக்கு நடந்து போக வேண்டும். அதனால் ஆணின் முதல் முறை ஏறக்குறைய இரண்டு வாரம். வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் அது பட்டினி கிடந்தது ஐந்து வாரத்தை ஒட்டி வரும். அப்புறம் பெண் வந்து உட்காரும், ஆண் போகும். கோடை வளர வளரப் பனி உடைந்து கடல் நெருங்கி வருகிறது, முறைகளும் சுருங்குகின்றன. டிசம்பரில் குஞ்சு பொரித்த பிறகு ஒரு நாள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள். பறவையும் அதேதான், கூடும் அதேதான். கடல் கிட்டே வந்தது, முறையின் நீளம் குறைந்தது. எனக்கு இந்த ஒரு உதாரணமே போதும் என்று தோன்றும்.

அரசப் பென்குயின் இன்னும் தூரம் போகும். தென் இந்தியப் பெருங்கடலில் குரோசே என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே அடைகாக்கும் அரசப் பென்குயின்கள், அண்டார்டிகாவின் குளிர்நீரும் வடக்கிலிருந்து வரும் அவ்வளவு குளிராத நீரும் சந்திக்கும் எல்லைக்கு நீந்திப் போகின்றன. அந்த எல்லையில்தான் விளக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும். தெற்கே 300 முதல் 400 கிலோமீட்டர். ஊட்டியிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். போய், நூறு மீட்டருக்கும் கீழே திரும்பத் திரும்ப மூழ்கித் தின்று, திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அடைகாப்பு மொத்தம் சுமார் 54 நாள். அதற்குள் சில முறைகள்தான் மாற்றிக்கொள்ள முடியும்.

பேரரசப் பென்குயின் கடைசி எல்லை. நீங்கள் படத்தில் பார்த்தது இதைத்தான். குஞ்சு தனியே கடலில் இறங்கும் மாதம் டிசம்பர், ஜனவரி. அப்போதுதான் அங்கே இரை ஏராளம். அதற்கு முன்னால் குஞ்சு வளர ஐந்து மாதம் வேண்டும், அதற்கு முன்னால் அடைகாக்க இரண்டு மாதம் வேண்டும். பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் முட்டையிடும் காலம் மே, ஜூன், அதாவது அங்கே கொடுங்குளிர். கோடையில் வளரும் பிள்ளைக்காகக் குளிர்காலத்தில் முட்டை. அந்த மாதங்களில் கடல்மேல் உறைபனி விரிந்துகொண்டே போகும், சில இடங்களில் திறந்த நீருக்குப் பல பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். இவ்வளவு தூரத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வந்தால் தின்றதெல்லாம் நடையிலேயே கரைந்துபோகும். அதனால் ஒரே ஒரு நீண்ட முறை. பெண் ஒற்றை முட்டையை இட்டு, ஆணின் பாதத்துக்கு மாற்றிவிட்டுக் கிளம்பும். ஆண் சுமார் 65 நாள் அடைகாக்கும். ஜோடி சேர வந்த நாளிலிருந்து எண்ணினால் ஆணின் பட்டினி நாலு மாதத்தை நெருங்கும். உடல் எடையில் 40 சதவீதம் போய்விடும்.

பெண்ணும் சும்மா போகவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜோடி சேரும் காலம் முழுக்க அதுவும் சாப்பிடவில்லை, அதற்கு மேல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த முட்டையையும் தன் உடம்பிலிருந்து கொடுத்திருக்கிறது. உடம்பில் சேமிப்பு குறைந்தவர் முதலில் கடலுக்குப் போகிறார், அவ்வளவுதான். இரை தேடுவதும் எளிதான வேலை இல்லை. இந்த இனத்தில் பதிவான ஆழமான முக்குளிப்பு 564 மீட்டர். ஊட்டி நகரத்துக்கு மேலே தொட்டபெட்டா உயர்ந்து நிற்பது சுமார் 400 மீட்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைவிடக் கீழே, இருட்டில், உறையும் நிலையில் உள்ள நீரில்.

சரி, பசிக்காதா என்ற கேள்விக்கு வருகிறேன்.

பட்டினி கிடக்கும் பென்குயினின் உடம்பு மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் சில நாள் உடம்பு புதிய நிலைமைக்குப் பழகும். இரண்டாவது கட்டம் நீளமானது. இதில் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பை மட்டும் எரித்து, தசையைத் தொடாமல் பாதுகாக்கும். பறவை அமைதியாக, அசைவைக் குறைத்து நிற்கும். கொழுப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் மூன்றாவது கட்டம் தொடங்கும், தசையின் புரதம் எரிய ஆரம்பிக்கும். அப்போது இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற சுரப்பு ஏறுகிறது. குஞ்சு பேணும் நாட்டத்தோடு தொடர்புள்ள புரோலாக்டின் இறங்குகிறது. பறவைக்கு இருப்புக் கொள்ளாது, கடைசியில் முட்டையை விட்டுவிட்டுக் கடலுக்கு நடக்கத் தொடங்கும். நடந்து போய்ச் சேரவும் மூழ்கி இரை பிடிக்கவும் வேண்டிய சக்தி மிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடும். ஆக, எல்லை வந்தபின் அது காத்திருப்பதில்லை. அடேலியிலும் அரசப் பென்குயினிலும் பேரரசப் பென்குயினிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டால் பிள்ளைகள் சிலருக்கு வருத்தமாக இருக்கும். அப்படி விட்டுப்போகிற பறவை மோசமான தகப்பன் என்று நினைத்துவிடக் கூடாது. பென்குயின் பல ஆண்டு வாழும் பறவை. இந்த ஆண்டு முட்டையோடு சேர்ந்து செத்துவிட்டால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் முட்டையே இல்லை. உடம்புக்குள் இருக்கும் அந்த எல்லைக்கோடு பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் போட்ட கோடு.

கொழுப்பை மெதுவாகச் செலவழிக்கப் பேரரசப் பென்குயின் ஆண்கள் செய்யும் வேலைதான் அந்த நெருக்கியடிப்பு. டிசம்பர் கடைசியில் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானத்தில் உறைபனி படியும் காலையில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி வரும், நமக்கு அதுவே பெரிய குளிர். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி, அதோடு காற்று. கூட்டத்துக்குள்ளேயோ 37 டிகிரிவரை போயிருக்கிறது. யாரும் நடுவிலேயே நிலையாக நிற்பதில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பறவையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நகரும், அந்த அசைவு கூட்டம் முழுக்க அலையாகப் பரவும். மணிக்கணக்கில் பார்த்தால் கூட்டமே உருண்டு இடம் மாறியிருக்கும். இப்படி நிற்காத ஆணுக்கு 65 நாளைத் தாண்டக் கொழுப்புப் போதாது.

தூக்கத்தையும் இதோடு சொல்லிவிடலாம். அண்டார்டிகாவுக்கு அருகில் கிங் ஜார்ஜ் தீவில், தாடையில் கறுப்புக் கோடுள்ள சின்ஸ்ட்ராப் பென்குயின்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. துணை கடலில் இருக்கும்போது கூட்டைக் காக்கும் பறவை ஒரு நாளைக்கு 10,000 தடவைக்கு மேல் தூங்கியது, ஒவ்வொரு தூக்கமும் சராசரியாக 4 விநாடி. கூட்டிப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 11 மணி நேரம். முட்டையைத் திருடும் ஸ்குவாவும் கல்லைத் திருடும் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கிற இடத்தில் உடம்பு கண்டுபிடித்த வழி அது.

இரண்டாவது கேள்வி, துணை வராவிட்டால்?

தாமதம் சில நாள் என்றால் இனத்துக்கு இனம் சில ஏற்பாடுகள் உண்டு. பேரரசப் பென்குயினில் குஞ்சு பொரித்தும் பெண் வரவில்லை என்றால், மாதக்கணக்கில் ஒன்றுமே தின்னாத ஆண் தன் உணவுக்குழாயின் சுவரிலிருந்து புரதமும் கொழுப்பும் கலந்த பால் போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டும். ஒரு வாரம், பத்து நாள் இது குஞ்சைத் தாங்கும். அரசப் பென்குயினில் வேறு வழி. அடைகாப்பின் கடைசி முறை பெரும்பாலும் ஆணுக்கு வரும். அது கடலிலிருந்து திரும்பும்போது வயிற்றில் மீனைச் செரிக்காமல் இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கும். 38 டிகிரி உடல் வெப்பத்தில் மீன் ஏன் கெட்டுப்போகவில்லை என்று தேடியபோது, அந்த வயிற்றில் கிருமிகளைத் தடுக்கும் ஒரு சிறு புரதம் கிடைத்தது. 2003இல் அதற்கு ஸ்பெனிசின் என்று பெயர் வைத்தார்கள். பெண் நேரத்துக்கு வந்தால் நல்லது, வராவிட்டாலும் குஞ்சுக்கு முதல் சாப்பாடு அப்பா வயிற்றில் தயாராக இருக்கிறது. துணை எப்போது வரும் என்று தெரியாத வாழ்க்கைக்கு உடம்பே செய்துவைத்த முன்னேற்பாடு. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

தாமதம் இதையெல்லாம் மீறினால் முட்டையோ குஞ்சோ போய்விடும். ஒரு கூட்டுக்கு மட்டும் இது நடந்தால் அது ஒரு ஜோடியின் இழப்பு. கடலே தள்ளிப்போனால் மொத்தக் குடியிருப்புக்கும் நடக்கும். அண்டார்டிகாவின் அடேலி நிலப்பகுதியில் பெட்ரெல்ஸ் தீவு இருக்கிறது. பிரான்சின் ஆய்வு நிலையம் அங்கேதான். 2013–14 பருவத்தில் அந்தத் தீவின் அடேலிப் பென்குயின்கள் ஏறக்குறைய 20,000 ஜோடி. ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. கோடையிலும் உடையாத உறைபனி பெற்றோரைத் தொலைதூரம் போக வைத்தது, போதாக்குறைக்கு மழையும் பெய்து, நீர் தாங்காத பஞ்சு இறகோடு இருந்த குஞ்சுகள் நனைந்து விறைத்தன. 2016–17இல் மறுபடியும் அதே கதி. சுமார் 18,000 ஜோடியில் பிழைத்த குஞ்சுகள் இரண்டே இரண்டு. அந்தப் பெற்றோர்கள் எதிலும் குறை வைக்கவில்லை. போன தூரம், கரையில் காத்திருந்தவரின் கொழுப்பைத் தாண்டிவிட்டது.

அரசப் பென்குயின்களுக்கும் இதே கவலை இருக்கிறது. கடல் சூடாகும் ஆண்டுகளில் அந்தக் குளிர்நீர் எல்லை தெற்கே நகர்கிறது, குரோசேயிலிருந்து போகிறவை இன்னும் தள்ளிப் போய், இன்னும் ஆழமாக மூழ்க வேண்டியிருக்கிறது. தீவு நகராது.

குஞ்சு வளரும்போது கணக்கு ஒன்று மாறும். அடைகாக்கும் காலத்தில் கடலுக்குப் போகிறவர் தன் உடம்பை நிரப்பினால் போதும். இப்போது பிள்ளைக்கும் கொண்டுவர வேண்டும். அடிக்கடி குறுகிய பயணம் போனால் குஞ்சு கொழுக்கும், பெற்றோர் மெலியும். நீண்ட பயணம் போனால் பெற்றோர் தேறும், குஞ்சு காத்திருக்கும். பல கடற்பறவைகள் சில குறுகிய பயணங்களுக்கு நடுவில் ஒரு நீண்ட பயணத்தைச் செருகி இரண்டையும் சரிக்கட்டுகின்றன, சில இடங்களில் அடேலிகளும் அப்படித்தான். மக்கரோனிப் பென்குயினில் பங்கீடு இன்னும் கறாரானது. குஞ்சு பொரித்த முதல் மூன்று வாரம் ஆண் கூட்டை விட்டு நகராமல் பட்டினியோடு காவல், பெண் மட்டுமே கடலுக்கும் கூட்டுக்கும் அலையும். இரண்டு முட்டை இட்டாலும் முதல் முட்டை சிறியது, அதிலிருந்து குஞ்சு தேறுவது அபூர்வம். ஒருவர் கொண்டுவருவது ஒரு வாய்க்குத்தான் போதும்.

மூன்றாவது, கூட்டைப் பங்கு போடுவார்களா?

ஒரு ஜோடிக்குள் கூடு முழுமையாகப் பொது. இரண்டு ஜோடிக்கு நடுவில் அநேகமாகக் கிடையவே கிடையாது. அடேலிக் குடியிருப்பில் கூடுகளின் இடைவெளியைப் பார்த்தால், உட்கார்ந்தபடியே இரண்டு பறவைகள் அலகை நீட்டினால் எட்டி எட்டாமல் இருக்கும் அளவுதான். கூடு என்பது சிறு கற்களைக் குவித்த மேடு. பனி உருகி ஓடும் தண்ணீர் கற்களுக்கு அடியில் வடிந்துவிடும், முட்டை நனையாது. அதனால் அங்கே கல் மதிப்புள்ள பொருள், திருட்டும் உண்டு, அதற்குச் சண்டையும் உண்டு.

ஆனால் படத்தில் அவ்வளவு ஒட்டி நின்றார்களே என்று பிள்ளை கேட்டது மிகச் சரியான கேள்வி. அரசப் பென்குயினும் பேரரசப் பென்குயினும் கூடு கட்டுவதில்லை. இரண்டும் முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடிக்கொள்ளும். அப்படியும் அரசப் பென்குயின் தன்னைச் சுற்றி ஒரு கொத்து தூரத்தைத் தன் இடம் என்று காக்கும், யார் நுழைந்தாலும் அடி விழும். பேரரசப் பென்குயின் மட்டும் அந்த உரிமையையும் விட்டுவிட்டது. முட்டை காலோடு நகர்வதால், 'இது என் இடம்' என்ற பிடிப்பு இல்லாததால், பக்கத்தில் நிற்பவரைப் பொறுத்துக்கொள்வதால்தான் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒரே கூட்டமாக ஒட்டி நிற்க முடிகிறது. அவர்கள் பங்கு போட்டுக்கொள்வது கூட்டை இல்லை, உடல் சூட்டை. கூடு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கூடு இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. அடேலிக்குக் கூடு ஒரு முகவரி. கடலிலிருந்து வந்தவர் நேரே அங்கே போவார், அப்புறம் குரலால் உறுதி செய்துகொள்வார். பேரரசப் பென்குயினுக்கு முகவரி இல்லை. ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி உருவங்களுக்கு நடுவில், இரண்டு மாதம் கழித்து வரும் பெண் தன் ஆணைக் குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். பறவையின் குரலுறுப்புக்கு இரண்டு கிளை உண்டு. பேரரசப் பென்குயினும் அரசப் பென்குயினும் இரண்டு கிளையிலும் ஒரே நேரத்தில் சற்று வேறுபட்ட சுருதிகளை எழுப்பும். அவை மோதி உண்டாகும் அதிர்வு ஒவ்வொரு பறவைக்கும் தனி அடையாளம். கூடு கட்டும் இனங்களின் குரல் அடையாளம் இதைவிட எளிமையானது, அவற்றுக்கு அது போதும். இன்னொரு விளைவும் இருக்கிறது. பேரரசப் பென்குயின் ஜோடிகளில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டு வேறு துணையோடு சேர்கின்றன. போன வருடத்துக் கூட்டில் போய்க் காத்திருக்க அவற்றுக்குக் கூடு இல்லை, காலமும் குறைவு.

குஞ்சுகள் வளர்ந்ததும் பெற்றோர் இருவருமே கடலுக்குப் போகிறார்கள். அப்போது குஞ்சுகள் கூட்டமாகச் சேர்ந்து நிற்கும். இதைப் பால்வாடி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே ஆயா யாரும் கிடையாது. குளிருக்கும் ஸ்குவாவுக்கும் பயந்து பிள்ளைகள் தாமாக ஒட்டிக்கொள்கிறார்கள். திரும்பும் தாயோ தகப்பனோ தன் பிள்ளையின் குரலைக் கேட்டு அதற்கு மட்டும் ஊட்டும். தன் குஞ்சை இழந்த பேரரசப் பென்குயின் சில நேரம் இன்னொன்றின் குஞ்சைத் தூக்கிக்கொள்வதும் உண்டு. பேணும் நாட்டத்துக்கான அந்தப் புரோலாக்டின் இன்னும் இறங்காமல் இருப்பதே காரணம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில மணி நேரத்திலோ சில நாளிலோ விட்டுவிடும். அந்தக் குஞ்சுகளின் முடிவு பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை.

குளிர் தேசத்துப் பறவை என்றே பிள்ளைகள் நினைத்திருப்பார்கள், அதனால் ஆப்பிரிக்கப் பென்குயினையும் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியாக் கரைகளில் வாழ்கிறது. தீவுகளில் அடி அடியாகப் படிந்திருந்த பறவை எச்சத்தைக் குடைந்துதான் ஒரு காலத்தில் கூடு வைத்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். வெட்டவெளியில் கூடு வைத்த பறவை வெயில் தாங்காமல் எழுந்து கடலுக்குப் போகும்போது முட்டை வெந்துபோகிறது, கடற்காகம் எடுத்துக்கொள்கிறது. மத்தியும் நெத்திலியும் குறைந்ததால் கடல் பக்கமும் அடி. 2024இல் இந்த இனத்தை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளதாக அறிவித்தார்கள். செயற்கைக் கூடுகள் வைக்கிறார்கள். முக்கியமான குடியிருப்புகளைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கும் பெரிய படகுகளுக்குத் தடை வேண்டும் என்ற வழக்கு 2025இல் நீதிமன்ற உத்தரவில் முடிந்தது. கூட்டருகே மீன் இருந்தால் முறை குறுகும், குஞ்சு பிழைக்கும் என்ற அதே கணக்குதான் அந்த வழக்குக்கும் அடிப்படை.

இனி நம்ம மலை.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாறு, கல்லாறு சரிவுக் காடுகள் வருமே, அங்கே இருவாச்சி இருக்கிறது. பெண் மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் மிச்சம் மீதியையும் வைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும்போது பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். ஆண் அத்தி, ஆல் வகைப் பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கக்கி அந்தக் கீற்று வழியே ஊட்டும். பென்குயின் குடும்பத்தில் காவலும் இரையும் மாறி மாறி வருகிறது. இருவாச்சியில் பல வாரங்களுக்குக் காவல் முழுக்க ஒருவர், இரை முழுக்க ஒருவர். பழம் காட்டிலேயே, கிட்டத்தில் கிடைக்கும்வரை இது நடக்கும். கூட்டைச் சுற்றியுள்ள அத்தி மரங்கள் போனால் ஆணின் தூரம் கூடுகிறது. அந்த ஆண் அடிபட்டால் உள்ளே இருப்பவருக்கு ஊட்ட ஆள் இல்லை.

மலையின் வடக்குச் சரிவில், சீகூர், மோயாற்றுப் பக்கம் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இருக்கின்றன. வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மத்தி மரங்களின் உச்சியில் கூடு வைக்கும். பக்கத்துப் பக்கத்து மரங்களில் பல ஜோடிகள், ஆனால் கூட்டுக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாப்பார்கள். குஞ்சுக்கு வயிற்றிலிருந்து கக்கி ஊட்டுவார்கள். என் கண்ணுக்குப் பென்குயினுக்கு மிக நெருங்கிய ஏற்பாடு நம்ம பக்கத்தில் இதுதான். இரை எங்கே கிடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது, தொலைதூரம் போக வேண்டும், ஒருவர் போகும்போது ஒருவர் இருந்தாக வேண்டும். மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து 15 ஆண்டுக்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. கால்நடைக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் கால்நடைக்குத் திரும்பியதால் அவற்றையும் 2015இல் நிறுத்தினார்கள். ஜோடியில் ஒன்று செத்தால் கூட்டில் இருப்பது எத்தனை நாள் காத்திருக்கும் என்பதை உங்கள் பிள்ளைகள் இப்போது தாங்களே சொல்வார்கள். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது வகுப்பில் இருந்தால், மருந்தின் பெயரைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இருவாச்சிக் கூட்டுக்கோ பாறுக் கூட்டுக்கோ பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். காட்டு அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், கூட்டில் இருக்கும் பறவை ஆள் நடமாட்டத்துக்கு மிரண்டு எழுவதே கெடுதல். அதற்குப் பதில் பள்ளி வேலியிலேயே செம்மீசைக் கொண்டைக்குருவி கூடு வைக்கும். இரண்டு அல்லது மூன்று முட்டை, 12 நாளை ஒட்டி அடைகாப்பு, குஞ்சு வந்ததும் தாய் தகப்பன் இருவருமே ஊட்டுவார்கள். கூட்டைத் தொடாமல், கிளையை விலக்காமல், வகுப்பு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போதும்: வந்த நேரம், போன நேரம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை வந்தது, வாயில் பழமா பூச்சியா, குஞ்சு சிறிதாக இருக்கும்போது எவ்வளவு, பெரிதானதும் எவ்வளவு. வெயில் அடிக்கிற நாளையும் மூடுபனி இறங்குகிற நாளையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். மூடுபனி நாளில் இடைவெளி நீள்கிறதா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். நீண்டால், அந்த நேரம் கூட்டில் யாராவது இருந்தார்களா என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டின் படம் ஒன்றை எனக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.